கொள்ளைக்காரன் என்று பெயர், காவல்காரன் வேலை

வெயில் ஏறி, மணி பத்தைத் தாண்டிய பிறகு மணிலாக் கொல்லையின் வரப்பில் நின்று பார்த்தால், காய்ந்த எள் தட்டையின் நுனியிலோ வேலிக் குச்சியின் முனையிலோ நீண்ட உடம்புள்ள ஓர் ஈ அசையாமல் உட்கார்ந்திருக்கும். தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். ஏதாவது பூச்சி மேலே பறந்தால் அம்பு போலப் பாயும். அந்தரத்திலேயே அதைக் கால்களால் கவ்விக்கொண்டு, பெரும்பாலும் பழைய குச்சிக்கே திரும்பி வந்துவிடும். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி பகுதியில் கரும்பும் மக்காச்சோளமும் மணிலாவும் மரவள்ளியும் பயிரிடும் நம் விவசாயிகள் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். ஆனால் அது என்ன பூச்சி என்று கேட்டால் ஒருவர் குளவி என்பார், ஒருவர் தட்டான் என்பார், இன்னொருவர் மாட்டு ஈ என்பார். எதுவாக இருந்தால் என்ன, மருந்து அடித்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்தக் கடைசிப் பேச்சுதான் நமக்குச் செலவு வைக்கும் பேச்சு. ஆகவேதான் இந்த ஈயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ராபர் ஃபிளை என்று பெயர். அதை அப்படியே தமிழாக்கிக் கொள்ளைக்கார ஈ என்று எழுதுகிறார்கள். இது நம்மிடமிருந்து எதையும் கொள்ளையடிப்பதில்லை. இலையைக் கடிப்பதில்லை, காயைத் துளைப்பதில்லை, மாட்டின் இரத்தத்தைக் குடிப்பதில்லை. இதன் உணவு மற்றப் பூச்சிகள் மட்டுமே. ஆகவே வேட்டை ஈ என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையில் அப்படியே சொல்கிறேன்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் இறக்கையைப் பாருங்கள். குளவிக்கும் தட்டானுக்கும் நான்கு இறக்கைகள். வேட்டை ஈக்கு இரண்டே இறக்கைகள்தான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு உறுப்புகள் இரண்டு இருக்கும். அடுத்து முகம். இரண்டு பெரிய கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கும். முகத்தின் முன்பக்கம் மீசையும் தாடியும் போல அடர்ந்த முடி இருக்கும். துள்ளும் இரை முகத்தில் மோதிக் காயப்படுத்தாமல் இருக்க இயற்கை கொடுத்த கவசம் அது. வாய் கெட்டியான, குட்டையான ஊசி போலிருக்கும். கால்கள் பருத்து, முட்கள் நிறைந்திருக்கும். வயிறு பெரும்பாலும் பின்னால் போகப் போகக் கூம்பி முடியும்.

மாட்டு ஈக்கு இந்த மீசையும் கிடையாது, உச்சந்தலைப் பள்ளமும் கிடையாது. அது மாட்டைத் தேடி வரும். வேட்டை ஈ மாட்டைத் தேடி வராது. கையில் பிடித்து நசுக்கினால் வேட்டை ஈயும் சுருக்கென்று குத்தும். சும்மா விட்டால் மனிதரை நாடி வந்து குத்தும் வழக்கம் அதற்கு இல்லை.

உலகில் இந்தக் குடும்பத்தில் 7,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் நாட்டில் உள்ளவற்றை இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. என். டி. ஜோசப், பி. பருயி ஆகிய இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1983ல் ஒரு பெரிய தொகுப்பையும் 1998ல் தனி நூலாக ஒரு பகுதியையும் வெளியிட்டார்கள். இன்ன இனம் என்று துல்லியமாகச் சொல்ல ஆண் ஈயின் வயிற்று முனை உறுப்பை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது வல்லுநர் வேலை. விவசாயிக்கு அவ்வளவு தேவையில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படிப் பிடிக்கிறது, எதைப் பிடிக்கிறது என்ற மூன்றையும் கவனித்தாலே இன்ன வகை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இடத்துக்கு ஏற்ற வகை

வரப்புக் குச்சியிலும் வேலியிலும் உட்காரும் பெரிய, மயிரடர்ந்த ஈக்களில் முக்கியமானது புரோமாக்கஸ் என்னும் வகை. வெட்டுக்கிளி, வண்டு போன்ற பெரிய இரையையும் தூக்கிச் செல்லும் பலம் அதற்கு உண்டு. புல் நுனியிலும் நிழலோரச் சுள்ளியிலும் உட்காரும் மெலிந்த வகைக்கு ஒம்மேஷியஸ் என்று பெயர். அதன் உணர்கொம்பின் முனை சிறு சீப்புப் போலிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். சிறு ஈக்களும் தத்துப்பூச்சிகளும் அதன் இரை. புல்லுக்குள்ளே ஊசித் தட்டான் போல மெதுவாக மிதந்து, இலை மேல் உட்கார்ந்திருக்கும் சிறு பூச்சிகளைப் பொறுக்கி எடுப்பது லெப்டோகாஸ்டர். மணிமுத்தாறு, கோமுகி போன்ற ஆறுகளின் வெறும் மணலில் தேட வேண்டியது ஸ்டிக்கோபோகன் என்னும் சாம்பல் நிறச் சிறு வகை. மணலோடு மணலாக இருப்பதால் பறந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கல்வராயன் மலைப்பக்கம் போனால் இடம் மாறுகிறது, வகையும் மாறுகிறது. காட்டில் விழுந்து மக்கும் மரத்தின் மேல் உட்காரும் லாஃப்ரியா வகை ஈக்கள் உடம்பெல்லாம் மயிருடன் வண்டுத் தேனீ போலத் தோற்றமளிக்கும். அவற்றின் புழுக்கள் மக்கிய மரத்துக்குள் இருந்து, அங்குள்ள வண்டுப் புழுக்களைத் தின்று வளரும். மரத்தைத் துளைக்கும் கருந்தேனீயைப் போலவே வேஷம் போட்ட ஹைபெரெக்கியா என்ற ஒரு வகையும் உண்டு. பார்த்தவர்கள் தேனீ என்றே நினைப்பார்கள்.

ஆக, வேட்டை ஈ என்பது ஒரே பூச்சி அல்ல. வரப்புக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, ஆற்று மணலுக்கு ஒன்று, காட்டு மரத்துக்கு ஒன்று என்று இடம் பிரித்துக்கொண்டு வேலை செய்யும் ஒரு கூட்டம். வரப்பை வழித்து, புல்லைச் சுட்டு, மரத்தை அகற்றினால் அந்தந்த இடத்துக் காவல் போய்விடும்.

எப்படித் தின்கிறது?

இரையைப் பிடித்தவுடன் கழுத்து மடிப்பு, கண், இறக்கை மூடிக்கு அடியிலுள்ள மெல்லிய தோல் போன்ற மிருதுவான இடமாகப் பார்த்து ஊசி வாயைச் செலுத்தும். அதன் எச்சிலில் நரம்பை முடக்கும் நஞ்சும், சதையைக் கரைக்கும் பொருளும் உண்டு. சற்று நேரத்தில் இரையின் உள்ளே இருப்பதெல்லாம் கூழாகிவிடும். அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு வெறும் கூட்டைக் கீழே போட்டுவிடும். ஒரே குச்சியின் அடியில் வெட்டுக்கிளிக் கூடுகளும் வண்டு ஓடுகளும் கிடந்தால் மேலே யார் குடியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த ஈ எதைத் தின்னும் என்பதோடு எதைத் தின்னாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகைப்படுத்திச் சொன்னால் யாருக்கும் லாபமில்லை. இது பகல் வேட்டைக்காரன். 2018ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்த படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இரவில் பறப்பது. அதை இந்த ஈ தடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கரும்பையும் மணிலாவையும் வேரோடு சாய்க்கும் வேர்ப்புழுவின் தாய் வண்டும் அந்தி மங்கிய பிறகே மண்ணைவிட்டு வெளியே வந்து வேம்பிலும் வேலமரத்திலும் இலை தின்னும். அந்த நேரத்தில் வேட்டை ஈ ஓய்வெடுக்கப் போயிருக்கும்.

அப்படியானால் வேர்ப்புழு விஷயத்தில் இதனால் என்ன பிரயோஜனம்? விடை மண்ணுக்குள் இருக்கிறது.

மண்ணுக்குள் நடக்கும் வேலை

பறக்கும் ஈயின் ஆயுள் சில வாரங்கள்தான். அதன் புழுப்பருவமோ மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். பெரும்பாலான இனங்களின் புழு மண்ணில் வாழ்ந்து, மற்றப் பூச்சிகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்கிறது. ஜப்பானில் புரோமாக்கஸ் வகையைச் சேர்ந்த ஓர் இனத்தின் புழு, புல்வெளி மண்ணில் உள்ள வேர்ப்புழுக்களைத் தின்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வரப்புக் குச்சியில் உட்காருவதும் அதே வகையின் உறவுதான்.

ஏர் ஓட்டும்போது வெளிப்படும் புழுக்களில் நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்திருக்க வேண்டும். வேர்ப்புழு பருத்து, அரைவட்டமாகச் சுருண்டு, செம்பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் கொண்டிருக்கும். வேட்டை ஈயின் புழு மெலிந்து நீண்டு, இரு முனையும் கூம்பி, கால்களே இல்லாமல் இருக்கும். தலை மிகச் சிறியது. முன்னதைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பின்னதை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். ஈயாக மாறும் சமயத்தில் கூட்டுப்புழு முட்களால் நெம்பிக்கொண்டு மேலே வரும். அதன் வெற்றுத் தோல் பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாக நிற்பதைப் பார்க்கலாம். அது தென்படும் நிலத்தில் காவல் உண்டு என்று அர்த்தம்.

இந்த வேர்ப்புழுவுக்காகத்தான் நாம் ஆண்டாண்டாகக் குருணை மருந்தைக் கரும்புக் காலில் போட்டோம். போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. மண்ணில் போடும் கடும் நஞ்சுக்கு வேர்ப்புழு எது, அதைத் தின்னும் புழு எது என்று பேதம் தெரியாது. இரண்டையும் கொல்லும். பின்பு முதலில் பெருகி வருவது எது? தின்பதற்கு வேர் இருக்கும்போது வேர்ப்புழு முதலில் வரும். அதைத் தின்பவன் அதற்குப் பின்னால்தான் வருவான். இடைப்பட்ட காலத்தில் மறுபடியும் மருந்து வாங்க வேண்டியதாகிறது.

இது வெறும் யூகமல்ல. இந்தோனேசியாவில் நெல்லுக்கு அடித்த மருந்து புகையானின் எதிரிகளைக் கொன்று, புகையானையே பெருக்கிவிட்டது. 1986ல் அந்த நாட்டு அரசு நெல்லில் 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் விவசாயிகளை வயலிலேயே உட்கார வைத்து, நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று எண்ணக் கற்றுக்கொடுத்தது. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று நம் நாட்டில் நடப்பதற்கும் மூலம் அதுதான்.

தேனீ வளர்ப்போரின் குறை

வேட்டை ஈயை ஆதரித்துப் பேசும்போது தேன் எடுப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: இது தேனீயையும் தின்கிறதே? உண்மைதான். மறுப்பதற்கில்லை. தேனீ, பொறிவண்டு, சிறு குளவி என்று நமக்கு வேண்டிய பூச்சிகளையும் இது விட்டு வைப்பதில்லை. கல்வராயன் மலையில் தேனை நம்பியும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

இந்த வழக்கு அர்ஜென்டினா நாட்டில் நன்றாகவே விசாரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பாம்பாஸ் சமவெளியில் மல்லோஃபோரா ருஃபிகாடா என்ற வேட்டை ஈ உண்டு. தேனீயை வேட்டையாடுவதில் அதற்குப் பெயர். தேனீ வளர்ப்போர் அதைப் பகையாகவே நினைக்கிறார்கள். ஆனால் அதே ஈ உயரமான புல்லிலும் வேலியிலும் முட்டையிடுகிறது. பொரித்த சிறு புழுக்கள் காற்றில் சிதறி விழுந்து, மண்ணைத் துளைத்துச் சென்று, வாசனை பிடித்து வேர்ப்புழுவைக் கண்டுபிடித்து, அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு தின்று தீர்க்கின்றன. மேலே தேனீக்குப் பகை, கீழே வேர்ப்புழுவுக்கு எமன். ஒரே பூச்சி, இரண்டு கணக்கு.

நம் கணக்கை நாமே போட வேண்டும். பெட்டித் தேனீ வைத்திருப்பவர்கள் பெட்டி வாசலுக்கு எதிரே காய்ந்த குச்சிகளும் முட்கிளைகளும் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். உட்கார இடமில்லாவிட்டால் இந்த ஈ அங்கே கடை விரிக்காது. மறுபுறம், பூத்த பயிரில் நடுப்பகலில் அடிக்கும் மருந்து ஒரே நாளில் கொல்லும் தேனீக்களோடு, குச்சியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும் ஈயின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால் தேனீக்குப் பெரிய பகை எது என்பது விளங்கும்.

வந்த குளவிக்கு மரியாதை, இருந்த ஈக்கு?

மரவள்ளியில் மாவுப்பூச்சி பரவியபோது நடந்தது நினைவிருக்கும். 2020ல் கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளிக்கும் வந்த அந்தப் பூச்சியை அடக்க, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விழா வைத்து அதை விடுவித்தார்கள். நல்ல காரியம். பாராட்ட வேண்டியது.

அந்தக் குளவி ஒரே பூச்சியைக் குறிவைத்து வருவது. வேட்டை ஈ அப்படியல்ல. கிடைத்ததைப் பிடிப்பது. ஆகையால் இன்ன பூச்சிக்கு இத்தனை ஈ என்று ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து அட்டையில் ஒட்டி விற்கவும் முடியாது. காசு கொடுத்து வாங்க முடியாத பொருளுக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை. சிபாரிசு செய்யக் கடைக்காரரும் இல்லை. தானாக வந்து, கூலி கேட்காமல் வேலை செய்வதாலேயே இதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். குளவியை விலை கொடுத்து வாங்கி விட்டாலும், அடுத்த வாரமே எல்லாப் பூச்சிக்கும் சேர்த்து ஒரு மருந்தை அடித்தால் அதுவும் சாகும். வந்த குளவியைக் காப்பாற்ற வேண்டிய வழியும், இருந்த ஈயைக் காப்பாற்ற வேண்டிய வழியும் ஒன்றேதான்.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வரப்பில் நாலு இடத்தில் சோளத் தட்டையோ பருத்திமாரோ நட்டு வையுங்கள். பறவை உட்கார நடும் குச்சியே இதற்கும் உதவும். நிலம் முழுவதையும் கோடை உழவு செய்வது வேர்ப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுக்கும். அதை விட வேண்டாம். ஆனால் வரப்போரம் ஒரு முழ அகலம் உழாமலும் சுடாமலும் கிடக்கட்டும். வேட்டை ஈயின் புழு அங்கே பிழைத்திருந்து மறுபடியும் கொல்லைக்குள் வரும். சில இனங்கள் செடித் தண்டில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக முட்டைக் குவியல் வைக்கும். பூச்சி முட்டை என்று அதை நசுக்கிவிட வேண்டாம்.

வேர்ப்புழுவுக்குக் கோடை மழை பெய்த அன்று மாலையே வேம்பையும் வேலமரத்தையும் உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். மண்ணில் இடுவதற்குப் பச்சைப் பூஞ்சாணமான மெட்டாரைசியமும், 1992ல் கோவையில் கண்டு பெயரிடப்பட்ட ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழுவும் உள்ளன. மருந்து தெளித்தே தீர வேண்டிய நிலை வந்தால் வெயில் தாழ்ந்த பிறகு, பூச்சி உள்ள பாத்தியில் மட்டும் தெளியுங்கள். வரப்பிலும் வேலியிலும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். மாவட்டத்துக்கென்று அலுவலகங்கள் வந்தன, கட்டடங்கள் வந்தன. ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் ஒரு கண்ணாடிப் பெட்டி வரட்டும். அந்தந்த வட்டாரத்து வயலிலேயே பிடித்த நல்ல பூச்சிகள், அவற்றுக்குத் தமிழ்ப் பெயர், உட்காரும் இடம், தின்னும் இரை ஆகியவை அதில் இருக்கட்டும். விதையும் உரமும் வாங்க வருபவர் இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும். எங்கோ எடுத்த வண்ணப்படத்தைவிடத் தன் கொல்லையில் பிடித்த பூச்சியையே மனிதன் மறக்க மாட்டான். இப்போது கைப்பேசியில் படம் எடுக்காத வீடு குறைவு. வேட்டை ஈ இரையோடு உட்கார்ந்திருக்கும்போது சுலபத்தில் பறக்காது. முகம், முதுகு, பக்கவாட்டு என்று மூன்று படம் எடுத்து, என்ன பயிர், எத்தனை மணி, எதைப் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தால் அதுவே பட்டியலுக்கு ஆரம்பம். மலையிலும் சமவெளியிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் ஒரு பட்டத்தில் இதைச் செய்துவிடுவார்கள்.

மருந்து சிபாரிசு செய்யும் அலுவலரும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும். இலையில் எத்தனை புழு என்று மட்டும் கேட்டால் போதாது. வரப்பில் எத்தனை வேட்டை ஈ, எத்தனை சிலந்தி, எத்தனை பொறிவண்டு என்றும் கேட்க வேண்டும். இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகுதான் மருந்தா, நாலு நாள் பொறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வேட்டை ஈ இருந்தால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஈயை நம்பிக் கரும்பை விட்டுவிட முடியாது. தெரியாத பூச்சியைக் கொல்வதற்கு முன் அது யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் வாதம். ஒரு கைத்தெளிப்பான் மருந்துக்கு என்ன செலவு, கூலி என்ன என்பது நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் செலவில் ஒரு பங்கு, சம்பளமில்லாத காவல்காரனைக் கொல்லப் போகிறது என்றால் அதைவிட நஷ்டக் கணக்கு வேறு உண்டா?